பதினாலு பதிமூன்றில் நின்ற பந்து

1996ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு, ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் கலுகல ரப்பர் தோட்டத்து மைதானத்தில் மேலே போன கரப்பந்து பதிமூன்று வருடம் கீழே வரவில்லை. அதை மேலே போட்டவன் கலுகல அணித்தலைவன் சுரேந்திரன். வலைக்கு அந்தப் பக்கம் அரநாயக்கத் தோட்டத்து அணி. நாலு செட் முடிந்து ஆளுக்கு இரண்டாக நின்றது. கடைசி செட்டில் கலுகலைக்குப் பதினாலு, அரநாயக்கைக்குப் பதிமூன்று. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கேடயம் கலுகலைக்கு. நடுவர் ஸம்சுதீன் மாஸ்டர் விசில் ஊதினார். சுரேந்திரன் பந்தை மேலே போட்டான், போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். பந்து தரையிலிருந்து பத்தடி உயரத்தில் நின்றது. கம்பனியின் பெயர் அச்சடித்த பக்கம் பந்தலைப் பார்த்தபடி இருந்தது. பந்தலுக்குள் கொழும்பிலிருந்து வந்த கம்பனிப் பெரியவர்கள் செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இது திடீரென்று வந்த கோபம் இல்லை. 1992இல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்தபோது, கலுகலைக்கு வந்த கம்பனி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது: கேகாலையிலும் இரத்தினபுரியிலும் கரப்பந்து என்றால் சனம் பால்கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வரும். உடனே சட்டையில் தன் பெயரைப் போட்டது, மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து டிக்கட் விற்றது, ஆடுவதற்கென்றே ஆறு பேரை எடுத்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். மற்றவர்கள் விடியுமுன் எழுந்து முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டினால் விழுகிற பேர், அந்த ஆறு பேருக்கும் பந்து அடித்தாலே விழுந்தது. யாருக்கும் அதில் வயிற்றெரிச்சல் இல்லை, அவ்வளவு அழகாக ஆடினார்கள். பிறகு 1995இல் வரக்காப்பொலையில் நடந்த ஆட்டத்தில், அணியிலேயே உயரமானவனான தினேஷ் எம்பிக் குதித்து இறங்கியபோது முழங்கால் போய்விட்டது. ஆடாதவனுக்குப் பேர் இல்லை என்று கம்பனி சொன்னது. பேர் இல்லாதவனுக்குத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் இல்லை. ஒரே மாதத்தில் ஏழாம் லயத்து நாலாம் காம்பராவிலிருந்து தினேஷின் சட்டி பானைகள் வாசலுக்கு வந்தன. ரப்பர் பாலை உறைய வைக்கிற அசிட் பீப்பாய்கள் உள்ளே போயின. சுரேந்திரன் மூன்று தடவை ஆபீசுக்குப் போனான். மூன்று தடவையும் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை, கொழும்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாலாவது தடவை, கொழும்பே நேரில் வந்து உட்கார்ந்திருந்தபோது, அவன் பந்தைத் தூது விட்டுக் கேட்டான்.

சனம் முதலில் கைதட்டியது. இது ஏதோ புதுவிதமான சர்வீஸ் என்று நினைத்தார்கள். அரை நிமிடம் போனதும் அடி அடி என்று கத்தினார்கள். அப்போதுதான் சுரேந்திரன் பந்தலைப் பார்த்து, "தினேஷுக்குக் காம்பராவத் திருப்பிக் குடுங்க. குடுத்தா அடிக்கிறேன்" என்றான். தினேஷுக்குப் பதிலாக வந்தவன் உட்பட மற்ற ஐந்து பேரும் இருந்த இடத்திலேயே சப்பாணி போட்டு உட்கார்ந்தார்கள். கம்பனிப் பெரியவர்கள் இளநீரை வைத்துவிட்டுக் காரில் ஏறினார்கள். அரநாயக்க அணித்தலைவர் பாலசுப்பிரமணியம் மட்டும் இடுப்பில் கைவைத்துப் பந்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தன் லொறியில் ஏறிப் போனார். கலுகல அணி எங்கே ஆடினாலும் தப்பு மேளத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற நல்லையா நடுமைதானத்துக்கு வந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். "சண்ட அவனுங்களுக்கும் கம்பனிக்கும். மேட்ச் எங்களது. எங்க மேட்ச நிப்பாட்ட அவனுங்களுக்கு யாரு ரைட் குடுத்தது?"

நல்லையாவின் சத்தத்தைவிடப் பெரிய சத்தம் ஒன்று அந்தத் தோட்டத்தில் உண்டென்றால் அது கிருஷ்ணகுமாரியின் சத்தம். அவள் பால் வெட்டுகிறவள், சுரேந்திரனின் மனைவி. சர்வீஸைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று யார் கேட்டாலும் கூச்சமில்லாமல் சொல்வாள். அவள் ஒரு தடவை கத்தினால் பக்கத்து மலையில் நாய் எழும்பும். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் புருசன் வீட்டுக்குள் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஒரே ஒரு அடி. ஒன்ன அடிச்சுட்டு அப்புறம் கையக் கட்டியிருக்கலாமே" என்றாள். அடித்துவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள் என்றான் அவன். "அப்ப சரி. அந்தப் பந்து கீழ வந்து மேட்ச் முடியுற வரைக்கும் உங்களோட எனக்குப் பேச்சில்ல." அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஆனால் அவளுடைய சபதம் அதற்குள் ஆரம்பமாகிவிட்டது.

பந்தை இறக்க எல்லோரும் பார்த்தார்கள். கயிறு கட்டி இழுத்தால் இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். கம்பனி வரக்காப்பொலையிலிருந்து வேனில் ஆறு புது ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தது. அவர்கள் எம்பி எம்பி அடித்தும் பந்து சுவர் மாதிரி நின்றது, இரண்டு பேருக்கு மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். வேறு பந்தில் ஆடலாம் என்றால், அந்த மைதானத்தில் வேறு எந்தப் பந்தும் ஈரமண் கட்டி போல விழுந்து கிடந்தது. குண்டுகள் வெடிக்கிற யுத்த காலம் என்பதால், அடுத்த மாதம் பொலிஸ் வந்தது. சார்ஜன்ட் அண்ணாந்து பார்த்து, சிங்களத்தில் "மொகத மே?" என்று கேட்டார். இது என்ன என்று யாருக்கும் சொல்லத் தெரியாததால், கண்ணில் பட்ட தமிழர் எல்லோருடைய அடையாள அட்டை நம்பரையும் எழுதிக்கொண்டு, இரண்டு பேரைக் கூட்டிப்போய் உள்ளே வைத்தார். மூன்று நாளாகியும் பந்து வெடிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார்கள். ஸம்சுதீன் மாஸ்டர் சட்டப் புத்தகத்தை ஒரு கிழமை படித்துவிட்டு முடிவு சொன்னார்: பந்து தரையில் விழுந்தால்தான் தவறு. விழவில்லை. ஆகவே ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, வெற்றி தோல்வி சொல்ல முடியாது. சனத்துக்கு இதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. தோற்றிருந்தால்கூட ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருப்பதால், ஆடாதவர்கள் என்று அந்த ஆறு பேரின் பேரை வெட்டக் கம்பனிக்கும் வழியில்லை.

ஆத்திரத்தில் அவர்கள் செய்ததை இன்றைக்கு நினைத்தால் வெட்கக்கேடு. மாசாமாசம் சங்கத்துக்குச் சந்தா கட்டி, துரைமாரைத் திட்டியே வளர்ந்த சனம், வாழ்நாளில் முதல் தடவையாகத் துரைக்கு மாலை போடப் புறப்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்காதீங்க என்று இருநூறு கைநாட்டு வைத்த மனு ஒன்றையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார்கள். கூட்டத்தைப் பார்த்த துரை வேலைநிறுத்தம் என்று பயந்து கதவைப் பூட்டிக்கொண்டார். மாலை கேட்டில் தொங்கி வாடியது. அடுத்து, ஆட்டக்காரர் வீட்டுக் குடம் தண்ணீர் பிடிக்கிற பீலியில் கடைசியாகத்தான் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கிருஷ்ணகுமாரியின் குடமும் கடைசியில்தான் நின்றது, அந்தத் தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. இரண்டாம் லயம் ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கனம் என்றது, ஐந்தாம் லயம் கம்பனிக்கு ஈரமில்லை என்றது. இரண்டு லயத்துக்கும் ஒரு கல்யாணத்தில் கைகலப்பு வந்து பந்திப் பாயசம் மண்ணில் கொட்டியது.

வருடங்கள் போயின. பந்து மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, காற்று மட்டும் இறங்கவில்லை. முதல் வருடமே, நாடு கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் எடுத்த மார்ச் மாதத்தில் ஊரெல்லாம் பட்டாசு வெடித்தபோதும் கலுகல சனம் வாசலில் உட்கார்ந்து கரப்பந்தைப் பற்றித்தான் சண்டை பிடித்தது. தினேஷும் அவனுடைய தாய் ஜெயம்மாவும் ருவான்வெல்லைக் கடைத்தெருவில், பளீலின் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு கூரைச் சாய்ப்பில் இருந்தார்கள். எதிரணியின் தடுப்பை உடைத்த கையால் தினேஷ் ரொட்டி மா அடித்தான். அதைச் சாப்பிட வந்த தோட்டத்துச் சனம், அவன் முன்னாலேயே உட்கார்ந்து, ஒரு காம்பராவுக்காக மேட்ச் போச்சே என்று திட்டிக்கொண்டு சாப்பிட்டது. கிருஷ்ணகுமாரி சபதத்தை மீறவில்லை. அந்த மௌனத்திலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்தன, அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் பேசத் தொடங்குமுன் சோற்றுப் பானையிடம் சொல்லுவாள், தொடங்கியபின் அப்பாவிடம் சொல் என்பாள். கணவன் ஒரு தரம் காய்ச்சலில் விழுந்தபோது நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டே உதட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். பேச வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. சும்மா ஒரு பந்துக்காக இப்படியா என்று கேட்பவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

2008 நவம்பரில் அவள் பளீலின் ஹோட்டலுக்கு ரொட்டி வாங்கப் போனாள். நல்லையா வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார். தினேஷ் மா அடிப்பதை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பதில் சொன்னான். "அண்ணே, நானும் அந்த மேட்சுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். யாரு ஜெயிச்சான்னு எனக்கும் தெரியணுமே." நல்லையா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். கிருஷ்ணகுமாரி பார்சலை வாங்காமலே தோட்டத்துக்கு ஏறினாள். மறுநாள் பீலியில், தன் முறைக்குக் காத்து நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "ஆட்டக்காரங்களையும் திட்டிப் பாத்தோம், கம்பனிக்கு மாலையும் போட்டுப் பாத்தோம். ரெண்டு பக்கமும் அசையல. மிச்சம் நாமதான் இருக்கோம். நாளைக்கு மரத்த வெட்டுவோம். பால எடுக்க வேணாம். கேட்டா, வெட்டுறதுதான வேல, வெட்டிட்டோம்னு சொல்லுவோம்." பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே போட்டுவிட்டு அடிக்காமல் விடுவது யாரிடம் கற்ற வித்தை என்று எல்லோருக்கும் தெரிந்தது. "ஞாயம் அநியாயம் எல்லாம் எனக்கு வேணாம். மேட்ச் முடியணும். நானும் வர்றேன்" என்றார் பீலிக்கு முகம் கழுவ வந்த நல்லையா.

நாலு நாள் வெட்டினார்கள், நாலு நாளும் எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான சிரட்டைகளில் பால் தானாக உறைந்து புளித்து, நாற்றம் பங்களா வரைக்கும் போனது. துரை மூக்கை லேஞ்சியால் பொத்திக்கொண்டு வந்தார். 1996க்குப் பின் வந்த ஐந்தாவது துரை இவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். ஏழாம் லயத்து நாலாம் காம்பராவில் இருக்கிற பீப்பாயை எடுத்துவிட்டுத் தினேஷுக்குக் கொடுக்க வேண்டும், பேரும் போட வேண்டும் என்றார்கள். அங்கே பீப்பாய் இருப்பதே துரைக்குத் தெரியாது. இரண்டு ஆட்களை அனுப்பினார். அரை மணி நேரத்தில் காம்பரா காலியானது. தினேஷுக்கு ஸ்டோரில் காவல் வேலை கிடைத்தது. பதிமூன்று வருடம் பிடித்த காரியத்துக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

2009ஆம் ஆண்டு, அதே தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, அதே நாலரை மணி. அரநாயக்க அணி லொறியில் வந்து இறங்கியது. ஒருவர் கட்டாரில் இருந்ததால் ஐந்து பேர்தான், ஸம்சுதீன் மாஸ்டர் பரவாயில்லை என்றார். விசில் ஏற்கெனவே ஊதியாகிவிட்டது, திரும்ப ஊத முடியாது என்றும் சொன்னார். தினேஷ் முன்வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தகர வேலிக்கு மேலே, மரக்கிளையில், ஸ்டோர் கூரையில் எல்லாம் சனம். சுரேந்திரனுக்கு வயது நாற்பத்திரண்டு, சட்டையைத் தள்ளிக்கொண்டு வயிறு. முதல் தடவை எம்பினான், விரல் எட்டவில்லை. இரண்டாம் தடவை உள்ளங்கை பந்தில் பட்டது. பதிமூன்று வருடம் யார் அடித்தும் அசையாத பந்து, அவன் கை பட்டதும் பழைய வேகத்தில் புறப்பட்டு, நேராகப் போய், வலையில் விழுந்தது.

நல்லையா தப்பைக் கழற்றி மெதுவாகத் தரையில் வைத்தார். பதினாலு பதினாலு என்றார் ஸம்சுதீன் மாஸ்டர். இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால்தான் ஆட்டம் முடியும், சர்வீஸ் அரநாயக்கைக்கு. பாலசுப்பிரமணியம் பந்தை எடுத்துத் துடைத்து, கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார். விசில் ஊதியது. பந்தை மேலே போட்டார். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எங்க கிரவுண்டுல எங்க கம்பனி ரப்பர் நட்டுப் பத்து வருசம் ஆவுது. எங்க பொடியனுங்க ஆட எடமில்ல. கிரவுண்டக் குடுக்கச் சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றார். பந்து அவருக்கு மேலே, பத்தடி உயரத்தில் நின்றது. அரநாயக்கவிலிருந்து வந்த சனம் லொறியிலிருந்து குதித்து இறங்கி, சண்டை உங்களுக்கும் கம்பனிக்கும், மேட்ச் எங்களது என்று தொண்டை கிழியக் கத்தியது. கலுகல சனம் கத்தவில்லை. நல்லையா தப்பைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் கூட்டத்திலேயே அதிகமாகக் கத்திய ஆளைத் தேடிப்போய்ப் பக்கத்தில் நின்று கேட்டார்: "தம்பி, ஒங்க தோட்டத்துல எத்தன பேரு பால் வெட்டுறாங்க?"

கிருஷ்ணகுமாரி மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாள். ஆட்டம் முடியவில்லை. சபதப்படி அவள் வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சுரேந்திரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் நின்று, பக்கத்து மலைக்குக் கேட்கிற அந்தப் பழைய சத்தத்தில் சொன்னாள்: "பதிமூணு வருசம் யோசிச்சுப் போயி வலையிலயா அடிச்சீங்க?" பிறகு சத்தத்தைக் குறைத்து, "வாங்க, சோறு ஆறிப்போகுது" என்றாள்.

பந்து அங்கேதான் நிற்கிறது. மழைக்காலத்தில் அதில் பாசி பிடிக்கும். ஸ்டோர் காவலுக்குப் போகிற வழியில் தினேஷ் ஒரு நீளக் கம்பில் துணி கட்டித் துடைத்துவிட்டுப் போவான்.