கண்மாய்க்குள் ஒரு நிரந்தரக் கட்டடம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மழை பெய்கிறது.

மூன்று நாளாகப் பெய்கிறது. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி பெய்கிறது. கருவேலங்காட்டுக்கு மேல் வானம் எருமை நிறத்தில் இறங்கி, இன்னும் இறங்கி, மேயவே ஆரம்பித்துவிட்டது.

நெடுங்கரைப்பட்டிக் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது. பதினாலு வருஷத்துக்குப் பிறகு வருகிறது. யாரிடமும் வழி கேட்காமல் வருகிறது.

சோணைமுத்து கரைமேல் நிற்கிறார். கையில் குடை. குடைக்குள்ளும் மழை.

அவர் கண்மாய் மீட்புக் கழகத்தின் நிறுவனத் தலைவர். நிரந்தரத் தலைவரும் அவரே. வறண்ட கண்மாயில் மறுபடி தண்ணீரைப் பார்த்தே தீருவது என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த கழகம். மனு கொடுத்தார்கள். ஊர்வலம் போனார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். கண்மாய்க்குள் யார் யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, அடிக்கோடிட்டு, அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள்.

பட்டியலில் ஒன்று மட்டும் விடுபட்டுப்போனது. கழகத்தின் சொந்தக் கட்டடம்.

கரைமேல் இடம் கேட்டால் கொடுக்க ஆளில்லை. கண்மாய்க்குள் கட்டினால் கேட்க ஆளில்லை. கட்டிவிட்டார்கள். கரையை ஒட்டி, கண்மாயிலேயே ஆழமான இடத்தில். மரநிழல் அங்கேதான் நன்றாக விழுந்தது.

முகப்பில் கருங்கல் பலகை. 'சூரிய சந்திரர் உள்ளவரை இக்கழகம் நிலைத்து நிற்கும்.' அதன் கீழே சோணைமுத்துவின் பெயர், சூரியனைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இன்றைக்குச் சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. மேகம்.

தண்ணீர் முதல் படியைத் தொட்டது. மரியாதையாகத்தான் தொட்டது. பிறகு இரண்டாம் படி. பிறகு அனுமதி கேட்காமல் உள்ளே போய்விட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசல் வழியே மிதந்து வந்தன. கழகத்தின் வரலாற்றில் இவ்வளவு ஒழுங்கான வெளிநடப்பு இதற்குமுன் நடந்ததில்லை.

"தலைவரே, ஏதாச்சும் செய்யணும்ல?" என்றார் பொருளாளர் வெள்ளைக்கண்ணு, நனைந்த கோழி மாதிரி பக்கத்தில் நின்றபடி.

"என்னய்யா செய்யச் சொல்றீரு? தண்ணி வரக்கூடாதுன்னு நானே கோஷம் போடவா?"

சொன்னாரே தவிர, மனசு வேறு கணக்குப் போட்டது. பன்னிரண்டு வருஷமாக ஊர் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது. டீக்கடையில் தலைவர். கல்யாண வீட்டில் தலைவர். கண்மாய் நிறைந்துவிட்டால், அப்புறம் அவர் எதற்குத் தலைவர்?

ஆடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டு வந்த பஞ்சவர்ணம் கரையில் நின்று எட்டிப் பார்த்தாள். அவருக்கு மருமகள் முறை. சும்மா விடுவாளா?

"என்ன மாமா, ஒங்க ஆபீசுல கெண்டையெல்லாம் கூட்டம் போடுதாம்ல? தலைவரு வராமலே ஆரம்பிச்சிருச்சே!"

கரை முழுக்கச் சிரித்தது. மழையும் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது.

தவளைகள் கத்தின. பதினாலு வருஷம் அவை எங்கே இருந்தன, யாருக்கும் தெரியாது. சங்கம் வைக்கவில்லை. செயற்குழு கூட்டவில்லை. மழை வந்தது, கத்தின. அவ்வளவுதான்.

சோணைமுத்து யோசித்தார். உலகத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை ரொம்பக் கொஞ்சம். தண்ணீர் பள்ளத்துக்குப் போகும். நாலு மணிக்கு வயிறு பசிக்கும். நாற்காலியைப் பார்த்தால் மனுஷன் உட்காருவான். மற்றதெல்லாம் நாமாகக் கல்லில் எழுதிக்கொள்வது.

கல் கண்ணெதிரே முழுகியது. முதலில் அவர் பெயர். பிறகு கழகம். கடைசியாகச் சந்திரரும் சூரியரும், ஒன்றாக.

பெயர் போன இடத்தில் ஒரு மீன் துள்ளியது.

அப்போதுதான் கலுங்கு வழிந்தது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கல்கட்டைத் தாண்டி வெள்ளை வெள்ளையாகக் குதித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ வெடி கொளுத்தினார்கள், நமத்துப்போய்ப் புஸ்ஸென்றது, அதற்கும் கைதட்டினார்கள். அறுபத்திரண்டு வயது சோணைமுத்துவுக்கு உள்ளங்காலில் இருந்து ஏதோ ஒன்று ஏறியது. கூச்சம் மாதிரி. சிரிப்பு மாதிரி.

குடையை வீசினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கரைச்சரிவில் சறுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றார். குளிர்ந்தது. என்னமாய்க் குளிர்ந்தது!

"தலைவரே! தலைவரே!" என்று வெள்ளைக்கண்ணு கத்தினார்.

"தலைவனுமில்ல, கிலைவனுமில்ல! எறங்குடா வெள்ளக்கண்ணு!"

இறங்கினார். பஞ்சவர்ணம் இறங்கினாள். ஊரே இறங்கியது. மேலே மழை, கீழே கண்மாய், நடுவில் மனுஷர்கள் வெறும் தலைகளாக மிதந்தார்கள். யார் தலைவர், யார் உறுப்பினர் என்று எந்தத் தலையிலும் எழுதியிருக்கவில்லை. சோணைமுத்து மல்லாந்து, வாயைத் திறந்து, வானத்தைக் குடித்தார். எதுவும் நிலைத்து நிற்காது என்பது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கழகத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. கட்டடத்தை மீட்பதற்காகக் கண்மாயில் உள்ள தண்ணீரை உடனே வெளியேற்ற வேண்டும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர்.