மூன்றாவது வரி

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, அந்த நீளமான கறுப்புப் பெட்டியை அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். அது அசைந்து கொடுப்பதாக இல்லை. மேலே அப்பாவின் மூச்சு முக்கி முனகி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது.

"இப்ப எதுக்குடி அது?" என்றாள் அம்மா, அறை வாசலில் நின்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே.

"அப்பாதான் கேட்டார்."

"கேட்டாரா? தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட காலையிலேர்ந்து வாயத் திறக்கல."

"என்னைப் பார்த்து விரலை ஆட்டினாரும்மா. இதோ, இப்படி." தரையில் கிடந்தபடியே காற்றில் வாசித்துக் காட்டினாள்.

அம்மா குனிந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள்.

காலையில் நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இன்னிக்குத் தாண்டறது கஷ்டம். ஆனா வலி தெரியாது." கடைசி வார்த்தையைக் கேட்டதும் அம்மாவின் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். இருவரும் அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அவர் அலறாமல் போகவேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

அப்பா மேடையில் கீபோர்டு வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் அந்தக் குழு போகும். குழுவில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். பாம்புக் காது. பத்து பேர் ஒன்றாக வாசித்தாலும் யார் எங்கே நழுவினார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பாடகிக்குத் தொண்டை கட்டிவிடும்.

வெளியாரிடமே அப்படி என்றால் பெற்ற மகளிடம் கேட்கவா வேண்டும்? சின்ன வயதில் அவளுக்கென்றே நாலு வரியில் ஒரு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது வரியில் அவள் விரல் தாளத்தை முந்திக்கொண்டு ஓடும். உடனே அவர் கை உயரும். "அவசரம்! மறுபடி முதல்லேர்ந்து." நாளடைவில் 'அவசரம்' என்பதே அவள் பெயராகிவிட்டது. ஒரு நாளும் அவள் நாலாவது வரிக்குப் போய்ச் சேரவில்லை. பிறகு கீபோர்டு முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி மேஜைமேல் விரல்கள் தாமாக அந்த மெட்டைத் தட்டும். அங்கே நாலாவது வரியும் வரும், ஏனென்றால் கையை உயர்த்த அங்கே யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை, அவர் இருக்கும்போதே, அவர் முன்னால் முழுசாக வாசித்துவிட வேண்டும். இன்று விட்டால் அது கிடையாது.

ஸ்டாண்டைப் பெருக்கல் குறிபோல விரித்துக் கட்டிலோரம் நிறுத்தினாள். உயரம் கூடிவிட்டது. பூட்டை ஒரு பல் கீழே இறக்கினாள். கீபோர்டை அம்மாவும் அவளுமாகத் தூக்கி வைத்தார்கள்.

"என்னா கனம்! பொணம் மாதிரி..." என்று ஆரம்பித்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

மேடைக் கீபோர்டு என்பதால் அதற்குச் சொந்தமாக ஸ்பீக்கர் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் குழுவுக்குப் பொது. டிரம்ஸ்காரர் எப்போதோ எடுத்துப்போய்விட்டார். பெட்டியின் பையில் துழாவியதில், காதுப்பஞ்சு உரிந்துபோன அப்பாவின் பழைய ஹெட்ஃபோன் கிடைத்தது.

"ஒயரு..." என்றார் அப்பா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. "ஒயரெல்லாம்... மாட்டிட்டு... கடைசியாத்தான் சுவிட்சு."

"தெரியும்ப்பா."

"வால்யூம்... கீழ."

அதுவும் அவளுக்குத் தெரியும். சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்காமல் யாராவது சுவிட்சைப் போட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு வெடி வெடிக்கும். அப்படிச் செய்த ஒருவரை அடுத்த கச்சேரிவரை விடாமல் திட்டித் தீர்த்தவர் அவர். அவள் இடது ஓரத்தில் இருந்த வால்யூம் குமிழைக் கடைசிவரை கீழே இழுத்தாள். அடாப்டரைச் செருகினாள். பெடலை மாட்டித் தன் காலடியில் வைத்தாள். ஹெட்ஃபோனைச் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

சின்னத் திரையில் நீல வெளிச்சம் வந்தது. அப்பாவின் முகத்திலும் கொஞ்சம் வந்தது.

ஹெட்ஃபோனைத் தன் தலையில் மாட்டப்போனவளைப் பார்த்து அவர் வேண்டாம் என்று விரலை ஆட்டினார். பிறகு தன் காதைக் காட்டினார். அவசர அவசரமாக அதை அவர் தலையில் பொருத்தினாள். முடி கொட்டிப்போன தலையில் அது பெரியதாக உட்கார்ந்தது. ஒரு கட்டையை அழுத்தினாள்.

"கேக்குதாப்பா?"

அவர் கண் கீபோர்டின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே சற்று நின்றது. பிறகு அவள் முகத்துக்கு வந்தது. தலையை ஆட்டினார், கேட்கிறது என்று.

அவள் ஆரம்பித்தாள். அறையில் கட்டைகள் அமுங்கும் 'டொக் டொக்' சத்தம் மட்டும்தான். தான் என்ன வாசிக்கிறோம் என்று அவளுக்கே கேட்கவில்லை. அப்பாவின் ஆள்காட்டி விரல் போர்வைமேல் தாளம் போட்டது. முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் விரல் பழைய இடத்தில் பழையபடியே ஓடிவிட்டது. வாசித்தபடியே அவர் கையைப் பார்த்தாள்.

கை உயரவில்லை.

நாலாவது வரி. கடைசிக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"சரி," என்றார் அப்பா. "சரியா... இருந்துச்சு."

கட்டையிலிருந்து விரலை எடுக்கவே அவள் மறந்துபோனாள். இத்தனை வயதுக்கு மேல் ஒரு 'சரி'க்கு இப்படியா ஆகவேண்டும் என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"இன்னொரு தரம்," என்றார்.

இரண்டாவது தடவை நிதானமாகவே வாசித்தாள். பாதியில் போர்வைமேல் இருந்த விரல் நின்றுவிட்டது. அவள் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை. நாலாவது வரியை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

அம்மா வந்து அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"அப்பாடா," என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா. பரவாயில்ல. எனக்கும் அதேதான்."

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ மாதங்கள் ஆகின்றன. அம்மா அவர் காலை நீவிவிட்டாள். வலிக்குமே என்று பயப்படாமல் நன்றாக அழுத்தி நீவினாள்.

டிரம்ஸ்காரருக்குப் போன் செய்தாகிவிட்டது. பக்கத்துத் தெருதான். ஆட்கள் வருவதற்குள் கீபோர்டை ஓரங்கட்டலாம் என்று அவள் எழுந்தாள். அப்பாவின் தலையிலிருந்து ஹெட்ஃபோனை மெல்ல எடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. தன் காதில் வைத்துக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒயரை அசைத்துப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். அப்புறம்தான் இடது ஓரத்தைப் பார்த்தாள். அவள் இழுத்து வைத்த இடத்திலேயே, அடிமட்டத்தில் இருந்தது குமிழ்.

"என்னடி?"

"சத்தத்தை ஏத்தவே இல்லம்மா. அப்பாவுக்கு ஒண்ணுமே கேட்டிருக்காது."

"அப்ப சரியா இருந்துச்சுன்னாரே?"

"சொன்னாரே."

"தெரியாமலா சொல்லியிருப்பார்?"

"பார்த்தார்மா. இந்தக் குமிழைப் பார்த்தார். பார்த்துட்டுத்தான் கேக்குதுன்னு தலையாட்டினார்."

அம்மா கட்டிலில் கிடந்தவரைக் கண்கொட்டாமல் பார்த்தாள். "என் சமையலுக்கு ஒரு நாள்கூடப் பொய் சொன்னதில்ல இந்த மனுஷன். உப்பில்லன்னா உப்பில்லதான். கடைசி நேரத்துல எங்கேர்ந்து கத்துக்கிட்டார்?"

முதலில் அம்மாதான் சிரித்தாள். அடக்கப் பார்த்ததில் இன்னும் பலமாக வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். அழைப்புமணி இரண்டு தடவை அடித்தபிறகுதான் காதில் விழுந்தது.

அம்மா கதவைத் திறந்ததும் டிரம்ஸ்காரர் குழப்பத்தோடு உள்ளே வந்தார். சிரிப்புச் சத்தம் கேட்ட வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. மாஸ்டரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"அண்ணி, பாப்பா என்ன பண்ணுது?"

"கொஞ்ச நேரம் விடுங்க," என்றாள் அம்மா. நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

அவள் குமிழைப் பாதிவரை ஏற்றினாள். முதல் வரி காதுக்குள் பளிச்சென்று கேட்டது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் விரல் வழக்கம்போல முந்திக்கொண்டு ஓடியது. அவள் தலை தானாகத் திரும்பி, போர்வைமேல் கிடந்த கையைப் பார்த்தது. பிறகு நாலாவது வரிக்குப் போனாள்.