கேஸ் போட்டாச்சு மேடம்

மூன்றாவது முறையாக வண்டிச் சாவியை நீட்டும்போதுதான் மெக்கானிக் ராஜ்குமார் அதைச் சொன்னான்.

“ஏ.சி. கேஸ் ஃபுல்லா போட்டாச்சு மேடம். ஃபில்டரும் புதுசு மாத்திட்டேன். இனிமே ஊட்டிதான். ஆனா அந்த நாத்தத்துக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மாட்டு டாக்டர் வண்டி மாட்டுக் கொட்டாய் மாதிரிதான இருக்கும்?”

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். செம்மொழி சாவியை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் தன் சுடிதார் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்று உடனே கூசியது.

கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் அரசுக் கால்நடை மருந்தகத்தில் ஒன்பது வருடமாக டாக்டராக இருக்கிறாள். பதினாலு வருடப் பழைய காரை ஒரு வாத்தியாரிடமிருந்து வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். மாசி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் பிறகுதான் ஏ.சி. விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தது. காலையில் கிளம்பினால் பற்கள் கிட்டும் அளவுக்குக் குளிரும். முக்கால் மணி நேரம் போனால் அடுப்படியிலிருந்து வருவதுபோல் காற்று வரும். எங்காவது அரை மணி நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடியும் குளிரும். கூடவே ஒரு புளித்த, அழுகிய வாடை.

சாயங்காலம் வேலை முடிந்து திருவாரூர் புறவழிச் சாலையில் இருக்கும் ராஜ்குமார் பட்டறைக்குக் கொண்டுபோவாள். அங்கே போனதும் வண்டி யோக்கியமாகிவிடும். அவன் காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்ப்பான். “நல்லாத்தானே வருது?” என்பான். பிறகு கேஸ் குறைச்சல் என்பான். எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது என்று அவள் சொல்ல வாயெடுத்தால், அவன் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் அடுத்த வண்டிமேல் போய்விடும்.

நாற்றம் தன்னால்தான் என்று அவளும் நம்பிவிட்டாள். ரப்பர் பூட்ஸை டிக்கியில் வைப்பதை நிறுத்தினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு சீட்டையும் கால்மிதியையும் பினாயில் விட்டுத் தேய்த்தாள். அப்புறம் வண்டியில் பினாயிலும் அழுகலும் கலந்து அடித்தது.

சித்திரை பதினைந்தாம் தேதி வாக்கில் அப்பா இராஜாங்கத்தைத் தஞ்சாவூருக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போனாள். அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. வெயில் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ராஜ்குமாரிடம் மூன்றாவது தடவையும் போயிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காலை ஆறு மணி. வெயில் ஏறாததால் வழியெல்லாம் குளிர்ந்தது. திரும்பும்போது மணி ஒன்றரை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் வைக்கோல் லாரி, பின்னால் டவுன் பஸ். அங்கே நின்றதும் குளிர் செத்தது.

கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை. ஏற்றினால் அந்த நாற்றம். அவள் இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தாள்.

“விடும்மா,” என்றார் அப்பா. “ஆயுசு பூரா வெயில்ல நாத்து பறிச்சவன். இது என்னா பண்ணப் போவுது?”

சொல்லி முடிப்பதற்குள் அவர் தலை சாய்ந்தது. உதடு வெளுத்திருந்தது. கழுத்தெல்லாம் வியர்த்து, தொட்டால் சில்லென்றிருந்தது. செம்மொழி ஸ்கேன் ரிப்போர்ட் உறையால் விசிறிக்கொண்டே கதவைத் திறந்து கத்தினாள். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஓடிவந்து அவரைத் தூக்கி ஒரு டீக்கடைப் பந்தலுக்குக் கீழே படுக்கவைத்தார்கள். தண்ணீர் தெளித்து, கால் இரண்டையும் உயர்த்திப் பிடித்த பிறகு கண் திறந்தார். திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டிய பூட்டினியா?”

வீட்டில் அவரைப் படுக்கவைத்துவிட்டு ராஜ்குமாருக்குப் போன் போட்டாள்.

“அப்ப கேஸ் லீக்கா இருக்கும் மேடம். கொண்டாங்க, போட்டுடலாம். ஆமா, வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா குடுங்களேன். அவங்களுக்குன்னா சட்டுனு புரியும்.”

அவள் போனை வைத்துவிட்டுத் திண்ணமாக நினைத்துக்கொண்டாள், இனி அந்த ஆள் கையில் இந்த வண்டி போகக் கூடாது.

அடுத்த வாரம் முத்துப்பேட்டையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம். அன்றும் போய்ச் சேர்வதற்கு முன்பே ஏ.சி. நின்றுவிட்டது. ஊசிக்குப் பதினோரு வெள்ளாடுகளை ஓட்டிவந்த பாசித், அவள் வண்டிக் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“என்ன டாக்டரம்மா, ஏ.சி. ஓடலையா? நான் இருவது வருசமா கார் ஏ.சி. வேலதான் பாக்குறேன். ஆடு வீட்டுக்காரம்மாவுது. எப்ப நிக்குது சொல்லுங்க.”

அந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். செம்மொழி, நோயாளி மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆறியிருந்தால் ஓடும். முக்கால் மணியில் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால் சீக்கிரமே நிற்கும். நின்றால் அரை மணிக்குக் குறைந்து திரும்ப வராது.

“அப்ப அது நிக்கற வரைக்கும் நாம நிப்போம்,” என்றார் பாசித்.

முகாம் முடிந்ததும் வண்டியை அவர் வீட்டுக்கு முன்னால் உச்சி வெயிலிலேயே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டார்கள். கேஸ் அளவைப் பார்த்துவிட்டு பாசித் முகம் சுளித்தார். “கொறச்சல்னு யார் சொன்னா? தேவைக்கு மேல இருக்கு.” பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். காற்று சுட்டது.

“வாங்க, பாருங்க. பெல்ட் சுத்துது, ஆனா முன்னாடி இருக்கற இந்தத் தட்டு சுத்தல. இதச் சுத்த வச்சாத்தான் கம்ப்ரசர் ஓடும்.” டெஸ்ட் லேம்பை வயரில் வைத்தார், எரிந்தது. “கரன்ட் வருது. உள்ள இருக்கற காந்தம்தான் தட்டை இழுத்துப் புடிக்கணும். தட்டு தேஞ்சு இடைவெளி பெருசாப் போச்சு. ஆறி இருந்தா இழுத்துடும். சூடாச்சுன்னா காந்தத்துக்குப் பலம் பத்தாது.” ஒரு நீளமான மரக்குச்சியால் தட்டை லேசாகத் தட்டினார். அது பட்டென்று ஒட்டிக்கொண்டு சுழன்றது. உள்ளே குளிர் வந்தது.

எஞ்சினை ஆறவிட்டு, தட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்து, இடைவெளியைக் குறைத்து மறுபடி மாட்டினார். வேலை அவ்வளவுதான். வாஷர் அவர் உள்ளங்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கிடந்தது. இதற்காகவா அப்பா டீக்கடை வாசலில் மண்ணில் கிடந்தார் என்று நினைத்தபோது அவளுக்குக் காதுமடல் சுட்டது.

“நாத்தம் எங்கேருந்து?” என்று கேட்டபடி பாசித் முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றினார். உள்ளே கையை விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஒரு பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு, ஏ.சி. காற்றை வடிகட்டும் ஃபில்டரை வெளியே எடுத்தார்.

கறுத்துப்போன அட்டைமேல் வைக்கோலும் பதரும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய கூடு. அதன் நடுவில் ஒரு எலி. மேல்பக்கம் தோல் காய்ந்து எலும்போடு ஒட்டியிருந்தது. அடிப்பக்கம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஈப்புழு உரித்துவிட்டுப் போன கூடுகள், அரிசி சிந்தியதுபோல்.

தோள்வரை கைவிட்டு மாட்டின் வயிற்றிலிருந்து செத்து அழுகிய கன்றை இழுத்துப் போட்டவள் செம்மொழி. அன்றைக்கும் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட்டாள். இப்போது வேலி ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள். இதன் வழியாக வந்த காற்றைத்தான் அவளும் அப்பாவும் மூச்சு மூச்சாக இழுத்திருக்கிறார்கள். புது ஃபில்டர் மாற்றிவிட்டேன் என்று ராஜ்குமார் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குமேல் அவள் தொழிலைச் சொல்லிச் சிரித்தான். அவளும் தன்னைத்தானே முகர்ந்து பார்த்தாள்.

ஃபில்டரை அப்படியே ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் நேரே பட்டறைக்குப் போனாள். ராஜ்குமார் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். எதிரே அரசப்பன் என்ற நெல் வியாபாரி தன் வண்டிக்காகக் காத்திருந்தார். செம்மொழி பையை அவிழ்த்து மேஜைமேல் கவிழ்த்தாள். அரசப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“நீங்க போட்ட புது ஃபில்டர்,” என்றாள்.

“இது நேத்துப் பூந்திருக்கும் மேடம். டெல்டால எலிக்கா பஞ்சம்?”

“இது செத்து ஒன்றரை மாசத்துக்குக் கொறையாது. தோலப் பாருங்க, புழுக்கூட்டப் பாருங்க. எப்ப செத்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் நான் படிச்சிருக்கேன். நீங்க ஃபில்டர் மாத்தி இருவது நாள்கூட ஆகல.”

“யாரு கழட்டுனது? கண்டவன்கிட்டக் குடுத்தா இப்படித்தான் கதை கட்டுவான்.”

அரசப்பன் குறுக்கிட்டார். “யோவ், போன வாரம் எனக்கும் ஃபில்டர் மாத்துனேன்னியே. இப்பத் திற.”

ராஜ்குமார் நகரவில்லை. அரசப்பனே போய் தன் காரின் பெட்டியை இழுத்துக் கழற்றினார். உள்ளே ஃபில்டரே இல்லை. வெறும் ஓட்டை.

ராஜ்குமார் தலைகுனிவான் என்று செம்மொழி எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். வாய் நிறைய, பல் தெரிய, ஏதோ சீட்டாட்டத்தில் ஒரு கை தோற்றவன்போல் சிரித்தான். “மறந்துபோச்சு அண்ணே. இந்தா, இப்பவே போட்டுடறேன். மேடம், உங்களுக்கும் ஒண்ணு ஃப்ரீயா போட்டு, கேஸும் டாப்-அப் பண்ணிடவா?”

எலியைப் பார்த்தபோது புரட்டியதைவிட அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு அதிகமாகப் புரட்டியது. வாசலைப் பார்த்து நடந்தாள்.

“இத எடுத்துட்டுப் போங்க மேடம், டேபிள்ல...” என்று அவன் பின்னால் கத்தினான். அவள் திரும்பவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், இன்னும் கூப்பிடவில்லை. ஆனி மாதம் முழுக்க வண்டி நின்ற இடத்திலும் குளிர்ந்தது. அப்பாவுக்கும் மறுபடி மயக்கம் வரவில்லை. ராஜ்குமார் பட்டறை வாசலில் எப்போதும்போல் ஏழெட்டு வண்டிகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று அரசப்பனுடையது.