மூன்று முறை வெடித்த கோட்டை

பட்டாசு முதலாளி நல்லசிவம் சண்டைப் படம் எடுத்தால் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள விருதுநகர் வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆனாலும் பெத்தணன் போனார். கம்பெனிக்கு லீவு விட்டு, இரண்டு லாரியில் ஆட்களை ஏற்றிப் பகல் ஆட்டத்துக்கு அனுப்பியிருந்தார் முதலாளி. விசில் அடிக்க வேண்டும் என்பதும் உத்தரவு. பெத்தணனை யாரும் கூப்பிடவில்லை. அவர் தனியாக பஸ் ஏறி வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். பதினெட்டு வருஷம் வெடிமருந்து கலந்த கை அது. அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பொட்டலில் கோட்டை வெடிக்கிற காட்சியைப் படம் பிடித்த அன்று போனது. மருந்துக்காரன் வெளியே வந்து தோள் துண்டை எடுத்து உதறினால்தான் நெருப்பு கிட்டே வரலாம். சிவகாசி வட்டாரத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. அன்று பெத்தணன் உதறவேயில்லை. உதறிவிட்டு மறுபடியும் உள்ளே போனான் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். பார்த்தவர்கள் படம் பிடிக்க வந்த மெட்ராஸ்காரர்கள், அவர்கள் ரயிலேறிப் போய்விட்டார்கள். மருந்தில் புத்தி பிசகிய ஆளை எந்தக் கம்பெனி சேர்க்கும்? மேற்பார்வைக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு ஏழு மாதமாக அலைகிறார்.

ஆனால் அன்று கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் வந்திருந்தார்.

படம் தொடங்கியது. படமா அது! ராஜா காலத்துக் கதையில் சிப்பாய் கையில் வாட்ச் கட்டியிருந்தான். கோட்டைச் சுவர் காற்றுக்கு உப்பி அடங்கியது. அதற்குப் பின்னால் சாத்தூர் பஸ் ஒன்று நிதானமாகப் போனது. கதாநாயகன் குத்துவதற்கு முன்பே வில்லனின் ஆட்கள் விழுந்தார்கள். செத்தவன் தொடையைச் சொறிந்தான். விசில் அடிக்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அரை மணி நேரத்தில் கோட்டை வெடித்தது. பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏழு கலர் கேட்டு முதலாளி உயிரை வாங்கியிருந்தார். திரையில் எல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துப் போய் வந்தது. எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம் என்று அவரும் யோசிக்கவில்லை, ராப்பகலாகக் கலந்த பெத்தணனும் யோசிக்கவில்லை. பட்டாசுக்காரப் புத்தி. கலரைத் தேடிக்கொண்டிருந்ததில் திரையின் ஓரத்தில் தன் துண்டைப் பார்க்கப் பெத்தணன் தவறிவிட்டார்.

ஆனால் கஞ்சப் படத்துக்கு ஒரு குணம் உண்டு. இன்னொரு வெடி எடுக்க வழியில்லாததால், வில்லனின் இரண்டாவது கோட்டைக்கும் அதே வெடியைத்தான் ஒட்டியிருந்தார்கள். இந்தத் தடவை பெத்தணன் ஓரத்தைப் பார்த்தார். முன் வரிசையில், கம்பெனியில் பட்டாசுக் கட்டு ஒட்டுகிற மொக்கைச்சாமி எழுந்தே நின்றுவிட்டான்.

"ஏலே, அங்கன பாருங்க. பெத்தணண்ணே குனிஞ்சிருக்காரு. துண்டு தோள்லதாம்லே கெடக்கு. கொள்ளியோட ஓடியாறது யாரு, நம்ம மொதலாளியில்ல?"

சிரிப்பு நின்றது. கடைசிச் சண்டையில் மூன்றாவது கோட்டை வந்தபோது கதாநாயகனை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஓரத்தையே பார்த்தார்கள். வெள்ளை வேட்டி, கையில் கொள்ளி, அவசரத்துக்குப் பிறந்த ஓட்டம். திரியில் நெருப்பு வைத்தபோதும் துண்டு பெத்தணன் தோளில்தான் கிடந்தது. பிறகு எல்லாம் வெள்ளை.

வெளியே வாசலில் நல்லசிவம் தியேட்டர் மேனேஜரின் கையைப் பிடித்து அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாயங்கால ஆட்டம் வேண்டாம். கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கு."

கூட்டம் அப்படியே நின்றது. பெத்தணன் அதை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எதிரில் நிற்கிற ஆளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"எதுக்கு மொதலாளி வெட்டுறீக? இப்படியே ஓடட்டும். நூறு நாள் ஓடணும்னு நான் காளியாத்தாளுக்கு நேந்துக்கிடுதேன்."