கொடகொட அல்ல, களக்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அதே புகாரோடு மூன்றாவது முறையாக ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றது. அண்ணன் போனட்டைத் திறக்கக்கூட இல்லை. அதற்குள் முடிவு செய்துவிட்டான்.

"இனி எஞ்சினோட ஹெட்டக் கழட்ட வேண்டியதுதான். கூலன்ட்ல காத்து ஏறுது. வேற வழியே இல்ல."

பக்கத்து வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த தங்கைக்குக் கை அப்படியே நின்றது. வண்டிக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்பதுதான் புகார். முதல் தடவை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை வடித்துப் புதிதாக ஊற்றினான். இரண்டாம் தடவை ரேடியேட்டர் மூடியையும் பம்பையும் மாற்றினான். சத்தம் போகவில்லை. இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் மண்டையைப் பிளக்கப் போகிறான்.

"அண்ணா, ஒரு தடவ நான் பாக்கறேன்."

"போன் அடிக்குது பாரு, பாப்பா."

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடமாக, வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரண்டாவது லிஃப்ட்டின் கீழே அண்ணாந்தபடி நிற்கிறாள். இன்னமும் வாடிக்கையாளர்கள் முன்னால் 'பாப்பா'. அவன் அதைப் பாசத்தோடுதான் சொல்கிறான். அதனாலேயே அது அதிகம் எரிந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பாசத்தை எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளுவது? நேற்று சாப்பிடும்போது, உப்பை எடு என்பதுபோலச் சொல்லிவிட்டான்: திங்கட்கிழமை முதல் அவள் முன்பக்கக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும், இரண்டாவது லிஃப்ட்டுக்குப் புது ஆள் வருகிறான். "உனக்கும் முதுகு வலிக்குமே." தன் முதுகைப் பற்றி அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போனை அடிக்க விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"இதோட கோளாற நான் கண்டுபிடிச்சிட்டா லிஃப்ட் என்கிட்டயே இருக்குமா?"

"அக்கா பந்தயம் கட்டுது, முதலாளி," என்றான் எலெக்ட்ரீஷியன், வயர் சுருளுக்குள்ளிருந்து தலையை நீட்டி. "யோசிச்சு சொல்லுங்க. போன தடவ என்கிட்ட கட்டி, ஒரு வாரம் டீ வாங்க வெச்சுது."

அண்ணன் சிரித்தான். "சரி, கண்டுபிடி. லிஃப்ட் உனக்குத்தான். மதியம் வரைக்கும் டைம். அப்புறம் ஹெட்டு கழண்டுடும்."

வண்டிக்குச் சொந்தக்காரி பல் டாக்டர். இதுவரை வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் அவர் கணவர். இன்று முதல் முறையாக டாக்டரே ஓட்டி வந்திருந்தார். கார் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையாவது கடித்துவிடுபவர்போல நின்றுகொண்டிருந்தார். அவள் வேலைச் சீட்டை எடுத்துப் படித்துக் காட்டினாள்.

"டேஷ்போர்டுக்கு உள்ள கொடகொடன்னு சத்தம்னு எழுதியிருக்கு, டாக்டர்."

"கொடகொடவா? யார் சொன்னது?"

"உங்க சார்தான்."

"அவர் இந்த வண்டில உக்காந்ததே இல்லம்மா. காலே மடங்காது. பக்கத்து வீட்டுப் பையன ஓட்டச் சொல்லி, பின்னாடி ஆட்டோல வந்தாரு." டாக்டரின் குரல் ஏறியது. "மூணு மாசமா சொல்றேன், ஒருத்தரும் கேக்கல. காது டாக்டர்கிட்ட போய்க் காட்டுன்னு எங்கிட்டயே சொல்றாரு. கொடகொட இல்ல. களக். களக், பளக். பாதி தண்ணி இருக்கற கேன தூக்கிட்டு ஓடினா வருமே, அது."

அவளுக்குள் ஏதோ சட்டென்று நிமிர்ந்தது. கொடகொட என்றால் குழாய்க்குள் காற்று; எஞ்சின் ஓடினால் போதும், வண்டி நின்ற இடத்திலேயே கேட்கும். களக் என்றால் தேங்கிய தண்ணீர். வண்டி அசைந்தால்தான் கேட்கும். ஒரு சொல்லைத் தவறாக எழுதி, இரண்டு முறை எஞ்சினைக் குடைந்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆளை யாரும் கேட்கவில்லை. அந்த 'யாரும்' என்பதில் தானும் அடக்கம் என்பதை அவள் அப்போது நினைக்கவில்லை. அண்ணன்மேல் கோபப்படவே நேரம் சரியாக இருந்தது.

"எப்ப கேக்கும்?"

"பிரேக் போட்டா. திரும்பினா. மழை பெஞ்ச மறுநாள் இன்னும் ஜாஸ்தி."

"ஏறுங்க. ஓட்டிப் பாப்போம்."

பின்தெருவில் ஓட்டினாள். வண்டி தரையோடு தரையாக ஊர்ந்தது. வேகம் எடுத்துப் பிரேக்கை மிதித்ததும் களக் என்றது, அவள் உட்கார்ந்திருந்த வலது பக்கம், கதவுக்குக் கீழே. இடது பக்கம் ஒடித்தபோது பளக்.

"கேட்டுச்சா?" டாக்டர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டுச்சா, இல்லையா?"

"நல்லாவே கேட்டுச்சு."

டாக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்து வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினாள். மடக்குகிற துணிக்கூரை உள்ள வண்டி இது. கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாய்கள் வழியாக இறங்கி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டிக்குள் வந்து, அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். இடது பக்கம் விரலால் தடவினாள். நான்கு ஓட்டைகளும் திறந்திருந்தன. வலது பக்கம் தடவினாள். ஓட்டைகளே இல்லை. கறுப்புப் பூச்சுக்கு அடியில் நான்கு மேடுகள்.

ஸ்க்ரூடிரைவரால் ஒன்றை நெம்பினாள். அது பிதுங்கி வந்து உள்ளங்கையில் விழுந்தது. பின்னாலேயே துருவேறிய தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் புகுந்தது.

இறுக்கிச் சுருட்டிய டேப் அது, பீடியளவு. நுனி மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தது.

மடிப்பைப் பார்த்ததுமே அது யார் கைவேலை என்று தெரிந்தது. மூன்று மாதம் முன்பு இதே வண்டிக்கு அடியில் துருப் பிடிக்காமல் பூச்சு அடித்தது அவள்தான். அடிக்கும் முன் ஓட்டைகளில் டேப்பைச் சுருட்டிச் செருகுவாள், பூச்சு உள்ளே போகாமலிருக்க. காய்ந்ததும் பிடுங்கிவிடுவாள். ஒர்க்‌ஷாப்பில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. நுனியை மடிப்பது அவள் பெருமையாக நினைத்துக்கொண்ட சொந்த யோசனை. அன்று இடது பக்கம் பிடுங்கி முடித்ததும் அண்ணன் கூப்பிட்டான்: பாப்பா, போன எடு. போனவள் வலது பக்கத்துக்குத் திரும்பவே இல்லை.

காரணம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உன்னாலதான். நீ கூப்பிட்டதாலதான். அது உண்மையும்கூட. ஆனால் போனை வைத்த பிறகு அவள் ஏன் திரும்பி வந்து பார்க்கவில்லை? அதற்கு அண்ணனை எப்படிக் குற்றம் சொல்வது? காலையிலிருந்து அவன்மேல் வளர்த்த கோபம் முழுக்க இப்போது போக இடமில்லாமல் நெஞ்சில் முட்டியது.

தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். "அடேயப்பா, ஒரு வாளி இருக்கும்போல!" என்றான் எலெக்ட்ரீஷியன். அண்ணன் அவள் கையைப் பார்த்தான். கையில் இருந்ததைப் பார்த்தான். பதினான்கு வருடமாக அந்த மடிப்பைப் பார்த்தவனுக்கு ஒரு நொடி போதும். உடனே டாக்டர் பக்கம் திரும்பினான்.

"குப்பை அடைச்சிருக்கு மேடம். இலை, தூசி. இந்த மாதிரி வண்டிக்கு வர்றதுதான். என் தங்கச்சி கண்டுபிடிச்சிட்டா பாருங்க!" பிறகு அவள் காதருகில், "லிஃப்ட் உன்னுதுதான். கைய மூடு," என்றான்.

அவனுக்கு அதுவும் பாசம்தான். விரல்களை மடக்கினால் போதும். டாக்டர் அவளை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் அவரை நம்பிய முதல் ஆள் அவளாம். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கையை விரித்து நீட்டினாள்.

"இலை இல்ல, டாக்டர். டேப். நான்தான் அடைச்சேன். பூச்சு அடிச்சப்போ எடுக்க மறந்துட்டேன்."

"பாப்பா!"

டாக்டரின் முகம் மெல்லச் சிவந்தது. "நீங்களா? மூணு மாசமா ராத்திரி படுத்தா காதுக்குள்ள களக்குன்னு கேக்குதும்மா எனக்கு. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன். நீங்க பாட்டுக்கு மறந்துட்டேன்றீங்க!"

"மேடம், நீங்க ஆபீஸ்ல உக்காருங்க, நான் சொல்றேன்..." என்று அண்ணன் குறுக்கே வந்தான்.

"நீங்க நகருங்க. நான் அவங்ககிட்ட பேசறேன்."

பேசினார். கால் மணி நேரம், ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி, அலட்சியம், பொறுப்பில்லாத்தனம், உள்ளே துரு பிடித்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒன்றுவிடாமல். ஒவ்வொன்றும் நேராக அவளுக்கே சொல்லப்பட்டது. வலித்தது. ஆனால் இத்தனை வருடத்தில் அவள் செய்த வேலைக்குப் பாராட்டும் சரி, திட்டும் சரி, அண்ணனிடம்தான் போயிருக்கின்றன. அவள் தலையைக் குனியாமல் கேட்டாள்.

டாக்டர் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்: "மிச்ச மூணையும் எடுத்துட்டு, உள்ள கேமரா விட்டுப் பாக்கறேன். துரு இருந்தா சுரண்டி, நானே சரி பண்ணித் தரேன்."

"நான் இங்கயே நிப்பேன். பாத்துட்டே இருப்பேன்."

"நில்லுங்க."

"முதல்ல நீ உள்ள போ," என்றான் அண்ணன் பல்லைக் கடித்து. "திங்கக்கிழமை வரைக்கும்கூட வேணாம். இப்பவே ஆபீஸ்ல போய் உக்காரு. பந்தயமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கண்ணாடி அறையில் போன் மறுபடி அடித்தது.

"நீயே எடுண்ணா," என்றாள். "நான் இந்தப் பக்கத்த முடிக்காம நகரப் போறதில்ல."

இரண்டாவது மேட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினாள். அண்ணன் லிஃப்ட்டின் தூணைப் பிடித்தபடி நின்றான். போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு அவன் கண்ணாடி அறைப் பக்கம் நடந்தான்.