இடதுபக்க பிரேக்

1.

இந்தக் கதை எனக்கு பலாபத்வல சந்தியில், நடுரோட்டில் கிடைத்தது. கிளச்சை விட்ட வேகத்தில் கார் நின்றுபோயிருந்தது. பின்னால் ஒரு லொறி ஹோனிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சந்திரகாந்தா மிஸ், "பதறாதீங்க அண்ணே, ஞாயித்துக்கெழம நான் ப்ளேன்ல இதவிட மோசமாப் பண்ணினேன்" என்றார். நான் காரை மறந்துவிட்டேன். லொறிக்காரர் மறக்கவில்லை.

சந்திரகாந்தா மிஸ் மாத்தளையில் கார் ஓட்டப் பழக்குகிறவர். தலை நரைத்த பிறகு லைசன் ஆசை வந்த நான் அவருடைய மாணவன். அவர் விமானம் ஓட்டப் பழகுகிறார் என்று கேட்டதும், கதையாக எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். எழுதுவதை எல்லாம் பாட நேரத்தில் வாசித்துக் காட்டவேண்டும் என்றார். அந்தக் காரில் இடப்பக்கம், அவருடைய காலடியில், இன்னொரு பிரேக் உண்டு. வாசகரே, இனி வரும் வாக்கியங்கள் பாதியில் நின்றால் என்னைத் திட்டாதீர்கள்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

லக்கலப் பக்கத்து வெயிலில், புல் ஓடுபாதையின் நடுவே, ஒரு கொம்பன் யானை அசையாமல்

பிரேக். அவர் பறக்கப் பழகும் லக்கல என்றாலே ஆளாளுக்கு யானையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று மிஸ் அலுத்துக்கொண்டார். யானையை அப்புறப்படுத்தினேன்.*

(* தூரத்தில் இல்லை. மாமரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. பின்னால் தேவைப்படலாம்.)

இரண்டாம் முயற்சி:

சிறுவயதிலிருந்தே பறவைகளைப் பார்த்து ஏங்கிய சந்திரகாந்தா, ஒரு நாள்

மறுபடி பிரேக். என் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. அவர் பறவைகளை அண்ணாந்து பார்த்ததே இல்லையாம். என் மாதிரி ஆட்களைப் பார்க்கவே கண் போதவில்லையாம். பிறகு எதற்காகப் பறக்கிறீர்கள் என்று நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

"பழகுனவங்க எல்லாம் லைசன் எடுத்துட்டுப் போயிடுறாங்க அண்ணே. நான் மட்டும் இந்த சீட்லயே இருக்கேன். பக்கத்துல ஒருத்தரும் இல்லாம, நானே ஏதாவது ஒன்ன ஓட்டிப் பாக்கணும். ஒரு தடவ போதும்."

காரையே தனியாக ஓட்டலாமே என்றேன். கார் பள்ளியினுடையது, மாணவர் இல்லாமல் வெளியே எடுக்க முடியாது என்றார். வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போவது பஸ்ஸில், அதுவும் நின்றுகொண்டு. எனக்கு மனசு கனத்துவிட்டது. அந்தக் கனத்தில் மறுபடியும் கிளச்சை விட்டுவிட்டேன்.

3.

அந்தப் பறக்கும் பள்ளி லக்கலப் பக்கம் ஒருவருடைய காணியில் இருக்கிறது. பள்ளி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்ட ஒரு துணிப்பை, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று, பழக்குவதற்கு ஒஸ்வல்ட் சேர். அவ்வளவுதான்.

சிக்கல் இருக்கையில் ஆரம்பித்தது. நம் ஊர்க் காரில் பழகுகிறவர் வலப்பக்கம், பழக்குகிறவர் இடப்பக்கம். விமானத்தில் இது நேர்மாறு. பழக வந்த மிஸ்ஸை ஒஸ்வல்ட் சேர் இடப்பக்கம் உட்காரவைத்தார். காலமெல்லாம் இடப்பக்கம் இருந்தே பிறரை அதட்டிய உடம்பு அது. உட்கார்ந்த உடனே வலப்பக்கம் திரும்பி, "பெல்ட் போட்டாச்சா? சரி, பதறாம மெதுவா எடுங்க" என்று சேரிடம் சொன்னதாம்.

மேலே போயும் ஓயவில்லை. திரும்பும் இடத்திலெல்லாம் ஹோன் அடிக்கச் சொன்னார். மேகம் தெரிந்தால் இடைவெளி விடச் சொன்னார். முதலில் ஒஸ்வல்ட் சேர் சிரித்தாராம். நாளாக நாளாக அவருக்கே உதறல் எடுத்து, ஒரு தடவை ஹோனைத் தேடிக் கையை நீட்டியிருக்கிறார். இதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

[ஒஸ்வல்ட் சேருக்கு ஒரு பெரிய மீசை வைத்திருந்தேன். அவருக்கு மீசையே இல்லை என்று மிஸ் பிரேக் போட்டார். எடுத்துவிட்டேன். ஆள் கொஞ்சம் மெலிந்துவிட்ட மாதிரி இருக்கிறது.]

சிரிப்புக்கு நடுவில் ஒரு ஆபத்தும் இருந்தது. மிஸ்ஸின் வாயும் காலும் ஒன்றாகத்தான் வேலை செய்யும். வாய் அதட்டினால் கால் பிரேக்கை மிதிக்கும். விமானத்தின் பெடல் நுனியில் சக்கரங்களுக்கான பிரேக் இருக்கிறது. தரை தொடும் நேரத்தில் அதை மிதித்தால் விமானம் மூக்கால் மண்ணை உழும். அதனால் ஒஸ்வல்ட் சேர் ஒரு சட்டம் போட்டார்: ஏறி, சுற்றி, இறங்கும்வரை வலப்பக்கம் பார்த்து ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. பேசாமல் ஒரு சுற்று முடித்தால் தனியாக விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. மிஸ் பேசிக்கொண்டே இருந்தார். மாரி மழை தொடங்கிவிட்டால் புல்தரை சேறாகிவிடும், பள்ளியை மூடிவிடுவார்கள். கடைசியாக ஒரே ஒரு ஞாயிறு மிச்சம் இருந்தது.

5.

(நான்காம் பகுதி இல்லை. அதில் மேகங்களை வர்ணித்திருந்தேன். பிரேக்.)

அந்த ஞாயிறு காரை நானே ஓட்டினேன். இரத்தோட்டையில் மிஸ்ஸின் நாத்தனார் அழகம்மா ஏறிக்கொண்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், வாய் நிறைய வெற்றிலை, மடியில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர். எதற்கு என்று கேட்க எனக்கு அவகாசம் இல்லை. மலை வளைவுகளில் நான் ஓட்டிய ஓட்டத்தில் வாளியில் பாதியை கார் குடித்துவிட்டது.

முதல்முறை தனியாகப் பறந்தவருடைய தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது பறக்கும் பள்ளியில் வழக்கம். இதை மிஸ்தான் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். இறங்கிய பிறகு என்பதைச் சொல்ல விட்டுவிட்டார். அழகம்மாவுக்குத் தெரிந்த வழக்கம் முனியாண்டி கோயில் கிடா வெட்டு. அங்கே தண்ணீர் முதலில். ஆடு தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

மிஸ் விமானத்தில் ஏறக் காலைத் தூக்கியபோது, பின்னாலிருந்து மிச்சத் தண்ணீர் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. மிஸ் தலையைச் சிலுப்பினார்.

"உத்தரவு கெடச்சிருச்சி" என்றார் அழகம்மா.

அதற்குப் பிறகு ஆட்டுக்கு என்ன நடக்கும் என்று கேட்டார் கத்தோலிக்கரான ஒஸ்வல்ட் சேர்.

"அது ஆட்டுக்குங்க, சேர்."

மிஸ்ஸுக்கு வாயடைத்துவிட்டது. மஞ்சள் சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தார். விமானம் கிளம்பியது, சுற்றியது, அலுங்காமல் இறங்கியது. ஒஸ்வல்ட் சேர் கீழே குதித்து, ஒரு சொல்கூட இல்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வலப்பக்கக் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

மிஸ் அந்தக் காலி இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் வழியே என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்பதே எனக்குத் திக்கென்றது.

"எறங்குறத எழுதிறாதீங்க அண்ணே. அத நான் பாத்துக்கிறேன்."

6.

இறங்குவதற்கு என்னிடம் மூன்று விதம் தயாராக இருந்தது.

(அ) மாமரத்துக்குப் பின்னாலிருந்து யானை வெளியே வந்து

(ஆ) பழக்க தோஷத்தில் கால் தானாகவே

(இ) பூப்போல

மூன்றையும் நானே நிறுத்திவிட்டேன். இந்த முறை பிரேக் போட பக்கத்தில் யாரும் இல்லை.

மிஸ் தனியாக ஏறிச் சுற்றிய விமானம் இதோ ஓடுபாதைக்கு நேரே வந்துவிட்டது. தாழ்கிறது. மிஸ்ஸின் வாய் அசைகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. ஒஸ்வல்ட் சேரின் வலது கால் புல்லை அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கிறது. காரின் முன்சீட்டில் ஒரு நாளும் உட்காராத அழகம்மாவும் மிதித்துக்கொண்டிருக்கிறார். நானும்தான். அந்த மனுஷி நல்லபடியாக இறங்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு கதை வேண்டாம்.

கொட்டகைக் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். பள்ளியின் வழக்கப்படி இனித்தான் ஊற்றவேண்டும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் எனக்குக் கை ஒழியவில்லை. வாசகரே, இதைக் கொஞ்சம் பிடியுங்கள். கனமாகத்தான் இருக்கும்.

சக்கரம் தரையைத் தொடப்போகிறது. நான் காலை எடுத்துவிட்டேன். நீங்களும் எடுங்கள்.