அவிழ்க்காத பிராது

தைலம்மாள் தன் ஆறு வயது மகன் ராசுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் விழுந்தபோது குஞ்சம்மாள் கூழ் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவுவதை நிறுத்தவில்லை. விழட்டும் என்று இருந்தது. இந்த ஒரு காலைக்காக எத்தனை நாள் வயிறு எரிந்திருப்பாள்! அதற்குள் அடுப்பை விட்டு எழுந்து போய் அதைச் சட்டென்று முடித்துவிட அவளுக்கு மனசில்லை.

"பிராத எடுத்துடுக்கா," என்றாள் தைலம்மாள். "நேத்து பொழுது சாய கூட நல்லா ஆடிக்கினு இருந்தான். ராவுல முட்டி வீங்கிப்போச்சு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. நீ வந்து எடுத்தாத்தான் ஆவும். உன் கால்ல வுழறேன்."

தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டு ரங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முனியப்பர் கேட்டுட்டாரு," என்றாள். குஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

கார்த்திகை மாசம் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்ட இரண்டு குடும்பமும் ஒரே டிராக்டரில் போயிருந்தன. நின்றிருந்த டிப்பரில் ஏறி விளையாடும்போது ராசு தள்ளிவிட்டதில்தான் குஞ்சம்மாளின் மகள் கண்ணகி கீழே விழுந்தாள். நாலு வயசுப் பிள்ளை. அன்றைக்கு வீங்கிய முட்டி வீங்கியதுதான். கல்வராயன் மலைக்காரர் ஒருவர் பச்சிலை வைத்து மூன்று கட்டு கட்டினார். ஒன்றும் வேலைக்காகவில்லை. கேட்கப் போன குஞ்சம்மாளிடம் தைலம்மாள், "உன் பொண்ணு சப்பாணியா பொறந்ததுக்கு எம்புள்ள இன்னா பண்ணுவான்?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டாள். அந்தச் சொல்லை எப்படிச் செரிப்பது? தை மாசம் குஞ்சம்மாள் நேராகக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். என் பிள்ளைக்கு வந்தது அவள் பிள்ளைக்கும் வரவேண்டும் என்று எழுதச் சொல்லி, அந்தச் சீட்டை அங்கே முனியப்பர் வேலில் பிராதாகக் கட்டிவிட்டு வந்தாள். மூன்று நாள், இல்லையென்றால் மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாசம், அதற்குள் முனியப்பர் கேட்டுவிடுவார். கட்டினவர்களே போய் எடுத்தால்தான் பிராது இறங்கும். மூன்று மாசம் முடிய இன்னும் நாலே நாள் இருந்தது.

அதில் ஒரு சங்கதி தெருவுக்குத் தெரியாது. பிராது கட்டிய மூன்றாம் வாரம் கண்ணகியை அவள் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தாள். டாக்டரம்மா ஷர்புன்னிசா அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். தொண்டை வலி வந்து போனதா? வலி இன்றைக்கு முட்டி, நாளைக்குக் கணுக்கால் என்று தாவுகிறதா? வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா? இல்லை, இல்லை என்றே சொல்லி வந்தாள். காலையில் எழுந்ததும் மடக்க முடியாமல் விறைத்துக்கிடந்து, வெயில் ஏற ஏறச் சரியாகிவிடுகிறதா என்று கேட்டபோதுதான் ஆமாம் என்றாள். முட்டியிலிருந்து ஊசியில் எடுத்த நீரையும் ரத்தத்தையும் சோதித்து, படமும் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார்.

"இது அடிபட்டு வந்ததில்லம்மா. கிருமியும் இல்ல. ஒடம்பே மூட்ட எதிரியா நெனச்சுகினு வீங்க வைக்குது. மருந்து குடுத்தா அடங்கும். கண்ணயும் தாக்கும், வெளிய தெரியாது. அதனால மூணு மாசத்துக்கு ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்ட காட்டணும். கீழ வுழறதுக்கு முன்னாடியே நொண்டுனாளா?"

"இல்லீங்க," என்றாள் குஞ்சம்மாள்.

பொய். புரட்டாசியிலிருந்தே கண்ணகி காலையில் காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தாள். வேலைக்கு நேரமாகிறது, பாசாங்கு பண்ணுகிறாள் என்று முதுகில் இரண்டு வைத்ததும் இவள்தான். அந்தக் கால் நிலைக்காமல்தான் பிள்ளை டிப்பரிலிருந்து விழுந்திருக்கிறாள். ராசுவின் கை பட்டதோ இல்லையோ. அப்புறமும் அவள் பிராதை எடுக்கப் போகவில்லை. காரணம் போனால் போகட்டும், தைலம்மாள் சொன்ன சொல் அப்படியே இருக்கிறதே!

"எழுந்திரு. போலாம்," என்றாள் இப்போது. அந்த ஒரு வார்த்தைக்கே தைலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ராணி மாதிரி முன்னால் நடந்தாள் குஞ்சம்மாள்.

நைனார்பாளையம் ரோட்டில் இந்தப் பக்கம் நின்றால் விருத்தாசலம் பஸ், கோயிலில் இறங்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் நின்றால் கள்ளக்குறிச்சி. இந்தப் பக்கம் நின்றார்கள். கூடவே வந்த கண்ணகி அம்மாவின் புடவையைப் பிடித்திருந்தாள். மருந்து குடிக்க ஆரம்பித்த பிறகு அவள் நொண்டல் பாதி குறைந்திருந்தது. ராசுவின் தொங்கும் காலைப் பார்த்து, "காலைல எனக்கு வராப்பல ஒனக்கும் மடக்க வரலியா?" என்று கேட்டு முட்டியில் விரல் வைத்தாள்.

ராசு அலறிய அலறலில் ரோட்டோரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. குஞ்சம்மாள் முதல்முறையாக அந்த முட்டியைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. கண்ணகியின் முட்டி ஒருநாளும் இப்படிச் சுட்டதில்லை. ஒருநாளும் இப்படி அவள் அலறியதில்லை. டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது காதில் கேட்டது. ஒரே ராத்திரியில் வீங்கி, காய்ச்சலும் இருந்து, தொடவே விடவில்லையென்றால் அது வேறு, உள்ளே சீழ் கட்டுகிறது, ஒரு நாள் தாமதித்தாலும் மூட்டு போய்விடும், சில நேரம் உயிரே போய்விடும் என்றார்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? முனியப்பர் கொடுத்தது, முனியப்பரே பார்த்துக்கொள்ளட்டும். ராசுவும் காலை இழுத்துக்கொண்டு தெருவில் நடக்கட்டும், அப்போது யார் சப்பாணி என்று கேட்கலாம். சொன்னால் இன்றைக்குக் காலில் விழுந்தவள் நாளைக்குக் காறித் துப்புவாள். விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. தைலம்மாள் படியில் கால் வைத்தாள். ராசுவின் தலை அவள் தோளில் ஒருபக்கமாகச் சரிந்தது.

குஞ்சம்மாள் அவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"கோயிலுக்கு வாணாம். ஆஸ்பத்திரிக்குப் போ. உள்ள சீழு கட்டுது. இன்னைக்கே பாக்கலன்னா செத்துடுவான்டி."

"பிராது இருக்கச்சொல ஆஸ்பத்திரி இன்னாக்கா பண்ணும்?"

"பிராது பொய்யிடி! உம்புள்ள தள்ளி எம்பொண்ணுக்கு வரல. அது தானா வந்த நோவு. அவ முன்னாடியே நொண்டிக்கினு இருந்தா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

பஸ் விசிலடித்துக் கிளம்பிப் போனது. தைலம்மாள் அவளையே பார்த்தாள். "எப்ப சொன்னாங்க?"

"மாசில."

"ரெண்டு மாசமா தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சே கட்டுன பிராத வுட்டு வெச்சியா?"

எதிரே கள்ளக்குறிச்சி பஸ் வந்துகொண்டிருந்தது. கைகாட்டிக்கொண்டே தைலம்மாள் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினாள். பஸ் நின்றது. ஏறப் போனவள் நின்று, தோளில் பிள்ளை சரியாதபடி ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மெல்லக் குனிந்து, இன்னொரு கையால் ரோட்டோர மண்ணை அள்ளினாள்.

"யம்மா, அந்த அத்த எதுக்கு மண்ணு அள்றாங்க?" என்றாள் கண்ணகி.

குஞ்சம்மாள் மகளின் கண்களைக் கையால் பொத்தினாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த தைலம்மாளின் கை, வளைவு திரும்பும்வரை, விரல்களுக்கிடையில் மண் கசிய மூடியபடியே இருந்தது.